ரம்ஸியா வாங்கிய அரை யூனிட்

2017.09.14 — ஆஸ்பத்திரிக்கு வாகனக் கூலி, ரூ. 4,500
2021.11.03 — காற்று மெத்தையும் பம்பும், ரூ. 18,500
2022.02.20 — சீட்டு விழுந்தது, ரூ. 150,000
2022.02.26 — மின்பெட்டி, ரூ. 138,500
2022.02.26 — ஓட்டோ, புத்தளம் போய் வர, ரூ. 3,000
2022.03.30 — மண்ணெண்ணெய் 5 லீற்றர், ரூ. 435
2022.04.11 — பதிவுத் தபால், ரூ. 60
2022.07.05 — பதிவுத் தபால், ரூ. 60
2022.11.21 — பதிவுத் தபால், ரூ. 110

தபால் செலவு மட்டும் என்னுடையது. மற்றவை ரம்ஸியாவின் கைக்கு வந்தவையும் கையிலிருந்து போனவையும். அவள் எதையும் எழுதி வைப்பதில்லை. இடியப்பக் கடன்கூட அவளுக்கு மனதில்தான். வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு எழுதாமல் இருக்க முடியாது. முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவனுக்கு, ஓய்வு பெற்றாலும் அந்தப் பழக்கம் போகாது.

ரம்ஸியா 1981இல் மன்னார், எருக்கலம்பிட்டியில் பிறந்தவள். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்து, ஆலங்குடாவில் ஓலைக் கொட்டில்கள் போட்டிருந்த முகாமில் குடியேறினார்கள். அந்த நாட்களைப் பற்றி அவள் அதிகம் கதைப்பதில்லை. கதைத்தால் ஒரு பிளக்கைப் பற்றித்தான் கதைப்பாள். சில வருடம் கழித்துப் பக்கத்துத் தென்னந்தோட்டத்து வீட்டுக்காரர் முகாமுக்கு வயர் இழுத்துக் கொடுத்தாராம். ஒரு வரிசைக் கொட்டிலுக்கு ஒரு பல்ப், ஒரு பிளக். அந்த வரிசையில் பன்னிரண்டு குடும்பம்.

"கரண்ட் இரிந்திச்சி நானா. ஓட்டதான் இல்ல" என்பாள். நானா என்று கூப்பிடுவது என்னை, அண்ணன் முறையில். ஓட்டை என்று அவள் சொல்வது பிளக் குத்தும் ஓட்டையை.

2002இல் மாம்புரி ஹயாத்து முகம்மதுவை மணந்து எங்கள் ஒழுங்கைக்கு வந்தாள். ஹயாத்துவின் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக மாம்புரியில் இருப்பவர்கள். அவர் தோட்டங்களில் தேங்காய் பறிப்பவர். ரம்ஸியா விடியற்காலையில் இடியப்பம் அவித்து இரண்டு தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்தாள். ஒழுங்கையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட நீண்ட காலம் யாருக்கும் வாய் வரவில்லை. 'அகதி மருமகள்' என்பார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, வாயில் ஒட்டிக்கொண்ட பழக்கம். கடைகளிலும் அப்படியே. 'அகதி மருமகள்ட இடியப்பம் வந்திட்டா?' என்று கேட்டு வாங்குவார்கள். பெயர் எப்படியிருந்தாலும் இடியப்பம் மிஞ்சியதில்லை.

2017 செப்டெம்பரில் ஹயாத்து மரத்திலிருந்து விழுந்தார். முள்ளந்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவுமில்லை, உணர்வுமில்லை. கட்டிலை வீட்டு மண்டபத்தில் போட்டார்கள். ஒரே மகள் நஸ்லா புத்தளத்தில் விடுதியில் தங்கிப் படித்தாள். ஆகவே குளிப்பாட்டுவது, புரட்டுவது, சோறூட்டுவது எல்லாம் ரம்ஸியாதான். முதல் வருடம் பார்க்க வந்த சனம் அடுத்த வருடம் குறைந்தது. அதற்குப் பிறகு பெருநாளுக்கு மட்டும் எட்டிப் பார்த்தது. படுக்கையில் கிடப்பவரிடம் எத்தனை நாளைக்குத்தான் சுகம் விசாரிப்பது?

2021இல் அவர் இடுப்பின் பின்புறம் படுக்கைப்புண் வந்தது. கிளினிக்கில் மருந்து கட்டும் றிஷ்னா நேர்ஸ் கடதாசி அளவுகோலை வைத்துப் பார்த்து, நாலு சென்ரிமீற்றர் என்று துண்டில் எழுதினார். காற்று மெத்தை வாங்கச் சொன்னதும் அவர்தான். அதில் குழாய் குழாயாக வரிசைகள் இருக்கும். சாப்பாட்டுப் பெட்டி அளவான ஒரு பம்ப் ஒரு வரிசைக்குக் காற்றேற்றி, அடுத்த வரிசையின் காற்றை இறக்கிக்கொண்டே இருக்கும். உடம்பின் எந்த இடமும் தொடர்ந்து அழுந்தாது. அந்தப் பம்ப் எடுப்பது எட்டு வோட்ஸ், ஒரு சின்னப் பல்ப் அளவு. மூன்று மாதத்தில் புண் இரண்டரைக்கு வந்தது.

அப்போதுதான் மின்வெட்டுத் தொடங்கியது.

கரண்ட் போனால் பம்ப் நிற்கும். ஒன்றரை மணித்தியாலத்தில் மெத்தை சப்பையாகிவிடும். மற்றவர்களுக்கென்றால் முதுகு நோகும், எழும்பிவிடுவார்கள். ஹயாத்துவுக்கு நோவே தெரியாது. பலகையில் கிடக்கிறாரா பஞ்சில் கிடக்கிறாரா என்பது அவருக்கே தெரியாத விஷயம். வெட்டு நேரங்களில் ரம்ஸியா அரை மணிக்கொருதரம் அவரைப் புரட்டினாள். அவர் மரமேறிய உடம்பு, பாரம். அவளோ இடியப்ப உரலைவிடக் கொஞ்சம் பெரிய ஆள்.

"இது திரும்பப் பெருத்தா கொழும்புக்கு அனுப்பித் தோல் வெட்டி வைக்க வேண்டி வரும்" என்று றிஷ்னா நேர்ஸ் சொல்லியிருந்தார். "ரெண்டு மாசம் அங்கயே நிக்கணும்."

இரண்டு மாதம் கொழும்பில் நின்றால் கடைகள் வேறு இடியப்பத்துக்குப் போய்விடும். வேறு வருமானமும் இல்லை. அந்தப் பெப்ரவரியில் ரம்ஸியாவுக்குச் சீட்டு விழுந்தது. கூரை மாற்றவென்று கட்டிவந்த சீட்டு. அடுத்த சனிக்கிழமை, வெட்டு நேரத்தில் பம்பை ஓட்டக் கரண்ட் சேர்த்துவைக்கும் பெட்டி ஒன்று வாங்க, எங்கள் ஒழுங்கை முஸம்மிலின் ஓட்டோவில் புத்தளத்துக்குப் புறப்பட்டாள். பெட்டிகளின் எழுத்தை வாசித்துச் சொல்ல என்னையும் வரச் சொன்னாள். பம்பைத் துவாயில் சுற்றிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். ஹயாத்துவைப் புரட்டும் பொறுப்பைப் பின்வீட்டு மக்டலினிடம் விட்டாள். மக்டலின் கூடையில் மீன் கொண்டுபோய் விற்பவள், கையில் பலமுள்ளவள்.

கடையில் மூன்று வகை இருந்தன.

முதலாவது, நம் பக்கத்தில் பலரும் வாங்கியது: லொறி பற்றரியும் அதோடு பொருத்தும் இன்வேட்டரும். விலை மற்றவற்றில் பாதியும் இல்லை. ஆனால் பற்றரிக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது அமில மணம் வரும். காற்றோட்டமுள்ள தனி இடத்தில் வைக்கச் சொல்வார்கள். ரம்ஸியா வீட்டில் மண்டபத்தை விட்டால் குசினிதான். அவள் குனிந்து தூக்கிப் பார்த்தாள். அது நிலத்தை விட்டு அசையவில்லை.

"இதத் தூக்க இன்னொரு ஹயாத்து வேணும்" என்றாள்.

இரண்டாவது, கைப்பிடி வைத்த அழகான பெட்டி. நெற்றியில் பெரிதாக 1000 என்று எழுதியிருந்தது.

"ராத்தா, இது ஆயிரம். ரைஸ் குக்கரே போடலாம்" என்றார் கடையில் நின்றவர். ராத்தா என்றால் அக்கா.

"எத்தின யூனிட்?"

"யூனிட்டெண்டு இல்ல ராத்தா. இது வோட்ஸ்."

"பில்லுல யூனிட்டெண்டுதானே வருது? கரண்டெண்டா யூனிட்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் இருந்த சின்ன எழுத்தை வாசித்தேன். ஆயிரம் என்பது ஒரே நேரத்தில் அது எவ்வளவு பாரம் இழுக்கும் என்ற கணக்கு. உள்ளே சேர்த்து வைத்திருப்பது இருநூற்றுத் தொண்ணூற்றாறு வோட்ஸ் மணித்தியாலம். ஆயிரம் இருந்தால்தான் ஒரு யூனிட். ஆக, இது ஒரு யூனிட்டில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. அதை ரம்ஸியாவுக்குச் சொன்னேன்.

"வாய் பெருசு, வயிறு சின்னன்" என்றாள். "நம்மட முஸம்மில்தான்."

வாசலில் நின்ற முஸம்மில், "ராத்தா, நான் இப்பயே திரும்பிப் போறன். நீங்க பெட்டியத் தலையில வெச்சி நடந்து வாங்க" என்றான்.

மூன்றாவது பெட்டிக்கு முகத்தில் ஆடம்பரம் இல்லை. உள்ளே ஐந்நூறு. ஆறு கிலோ பாரம். மணமில்லை, தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. உள்ளேயிருக்கும் கலங்கள் நீண்ட நாள் உழைக்கும் வகை என்று எழுதியிருந்தது. அது உண்மைதான் என்று நான் சொன்னேன்.

"இதில அரை யூனிட் இரிக்கு."

"அரை யூனிட்டா? மாசம் அறுவது யூனிட்டுக்கு முந்நூறு ரூவா கட்டுறன் நானா. அரை யூனிட்டுக்கு ஒண்டே கால் லெச்சத்துக்கு மேலயா?"

"அது ஆத்துத் தண்ணி ராத்தா, இது போத்தல் தண்ணி" என்றார் கடைக்காரர். அன்று அவர் சொன்னதில் இது ஒன்றுதான் முற்றிலும் சரி.

ரம்ஸியா துவாயை அவிழ்த்துப் பம்பை எடுத்தாள். கடை மேசையிலேயே பெட்டியில் குத்தச் சொன்னாள். பம்பின் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்து, காற்று வருவதையும் நிற்பதையும் பத்து நிமிடம் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தானே தூக்கி வாசல்வரை போய் வந்தாள். கடைசியாக முன்பக்கத்தை விரலால் தொட்டு எண்ணினாள்.

"நாலு ஓட்ட."

"உங்களுக்கு ஒரு மெஷின்தானே ராத்தா?"

"ஒண்டுதான். ஆனா வீட்டுக்கு ஆள் வரும்."

இரண்டு மூன்று வருடமாகப் பெருநாளைத் தவிர அந்த வீட்டுக்கு ஆள் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

பெட்டியோடு வந்த விளக்கத்தாள் ஒன்றே ஒன்று. பாதி சீனமொழி. மற்றப் பாதியில் எப்படித் திறப்பது, எப்படி மூடுவது, மழையில் வைக்காதே என்பவை இருந்தன. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். பம்ப் எட்டு, விசிறி நாற்பத்தைந்து, பல்ப் ஒன்பது. பெட்டி உள்ளே தின்பதைக் கழித்தால் மூன்றும் சேர்த்து ஏழு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும்.

கரண்ட் போன முதல் பின்னேரமே வேலிப் பொட்டுக்குள்ளால் மக்டலின் வந்தாள். கையில் போனும் சார்ஜர் வயரும்.

"ஹயாத்தண்ண, உன்ர பெட்டில எனக்கொரு ஓட்ட இருக்கா?"

"நாலிருக்கு. ஒண்டு எனக்குக் காத்தடிக்க. மத்ததெல்லாம் ஊருக்கு" என்றார் ஹயாத்து.

"என்ர போனுக்கு ஏத்தப்போய் உனக்குக் காத்துப் போயிரக் கூடாது."

"எனக்கு எப்பயோ போன காத்துத்தான். போடு."

ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், ஒன்பது போன் வந்தன. யாரோ ஒருவர் பல ஓட்டையுள்ள வயர்ப் பலகையும் கொண்டுவந்தார். போனை விட்டுவிட்டுப் போனால் மாறிவிடும் என்று பயந்து, ஏறும்வரை பக்கத்திலேயே இருந்தார்கள். இருந்தால் கதைக்கத்தானே வேண்டும்? மீன் விலை, கேஸ் வரிசை, யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே பேசுகிறார்கள் என்று மண்டபம் நிறைந்தது. நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கி அந்த யன்னலுக்கு நேரே தெரியும். "அடுப்பு நம்மட வளவில, சோறு மட்டும் கொழும்பில" என்பான் முஸம்மில், தினமும், புதிதாகச் சொல்வதுபோல. ஹயாத்து தினமும் சிரிப்பார்.

நான் இன்னொன்றையும் கவனித்தேன். "போன் எங்க?" என்று கேட்டால், "ரம்ஸியா வீட்டில போட்டிருக்கு" என்றார்கள். அகதி மருமகள் வீட்டில் என்று யாரும் சொல்லவில்லை.

மார்ச் மாதம் வெட்டு நீண்டது. ஐந்து மணித்தியாலம், ஏழு மணித்தியாலம். ஒரு நாள் கரண்ட் வருவதற்கு நாற்பது நிமிடம் முன்பே பெட்டி தீர்ந்துவிட்டது. ரம்ஸியா பக்கத்திலிருந்தபடியால் புரட்டிச் சமாளித்தாள். 28ஆம் திகதி கிளினிக்கில் புண் இரண்டு சென்ரிமீற்றர்.

"நல்லாப் போகுது. இப்ப விட்டுடாதீங்க" என்றார் றிஷ்னா நேர்ஸ்.

மறுநாள் அறிவித்தல் வந்தது. புதன்கிழமை பத்து மணித்தியாலம் வெட்டு. எங்கள் பகுதிக்குக் காலை பத்திலிருந்து நாலு வரை, பிறகு ஆறிலிருந்து பத்து வரை. ரம்ஸியா வேலியருகே வந்து கேட்டாள்.

"விசிறியும் இல்ல, போனும் இல்ல, பம்ப் மட்டுமெண்டா எவ்வளவு நேரம் ஓடும் நானா?"

"நாப்பது மணித்தியாலத்துக்கு மேல."

அவள் தலையாட்டிவிட்டு ஒழுங்கையில் இறங்கினாள். வீடு வீடாகப் போய், நாளைக்கு ஒரு நாள் மட்டும் போன் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னாள். "ஓம் புள்ள, வருத்தக்காரன்ட விசயம்" என்றாள் மக்டலின். ஆனால் வயரைக் கையில் சுற்றிய விதத்தில் மனத்தாங்கல் தெரிந்தது. இன்னொரு வீட்டில், அவள் படலையைத் தாண்டுமுன்பே, "பெட்டி வந்ததும் கை இறுகிட்டு. அகதிப் புத்தி" என்று ஒரு குரல் கேட்டது. ரம்ஸியா திரும்பிப் பார்க்கவில்லை.

புதன் காலை பத்துக்குக் கரண்ட் போனது. விசிறியை நிறுத்தி யன்னலைத் திறந்துவிட்டாள். பம்ப் பெட்டியில் ஓடியது, திரையில் தொண்ணூற்றொன்பது வீதம். அடுப்புக்கு மண்ணெண்ணெய் முடிந்திருந்தது, பத்தரைக்கு வரிசைக்குப் போனாள். வரிசை நுரைச்சோலைச் சந்தியைத் தாண்டி வளைந்திருந்தது. நாற்பது மணித்தியாலம் ஓடும் பெட்டி என்ற தைரியத்தில் வெயிலில் நின்றாள். வீட்டில் ஆளில்லை. ஹயாத்து தூங்கிப்போனார்.

மூன்றேகாலுக்கு ஐந்து லீற்றர் கானோடு வந்தவள் என்னை வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. போய்ப் பார்த்தபோது பெட்டியின் திரை கறுத்திருந்தது. மெத்தை நனைந்த சாக்குப்போலக் கட்டிலோடு ஒட்டிக் கிடந்தது. அவள் ஹயாத்துவை ஒருபக்கம் சரித்துப் பிடித்திருந்தாள். புண்ணைச் சுற்றி நாவல்பழ நிறம்.

பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். திரை விழித்தது. தொண்ணூற்று மூன்று.

"தொண்ணூத்தி மூணு இரிக்கு! பிறகு ஏன் நிண்டிச்சி?" என்றாள்.

நான் பம்பைக் கழற்றித் திரும்பக் குத்தினேன். ஓடியது.

"பம்ப் சத்தம் எப்ப நிண்டிச்சி?" என்று ஹயாத்துவைக் கேட்டாள்.

"தெரியா. எனக்குத் தெரியிற உடம்பெண்டா நான் ஏன் இதில கிடக்கிறன்?" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "நீ அழாத. எனக்கு நோவல்ல" என்றார். அந்தச் சொல்தான் அவளை அழ வைத்தது.

வியாழக்கிழமை வெட்டு பதின்மூன்று மணித்தியாலம். ரம்ஸியா கட்டிலை விட்டு நகரவில்லை. நான் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். பம்ப் மட்டுமே ஓட, கரண்ட் போய்ச் சரியாக இரண்டு மணித்தியாலத்தில் பெட்டி தானாக அணைந்தது. பழுதுதான் என்று முடிவு செய்தோம். மறுநாள் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக முஸம்மிலுக்குச் சொல்லியாயிற்று. பெட்டியை மறுபடி போட்டுவிட்டு இருந்தபோது மக்டலின் ஒரு சுளகில் கொஞ்சம் சாளை மீனோடு வந்தாள். நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தாள். போன் இடுப்பில் இருந்தது, எடுக்கவில்லை.

"போடு மக்டலின்" என்றார் ஹயாத்து. "திருப்பிக் குடுக்கப்போற பெட்டிதானே. கடைசி விருந்து."

அவள் போட்டாள். மூன்று மணித்தியாலம் இருந்தாள். போனைக் கழற்றிக்கொண்டு போனாள். அவள் போய் இரண்டு மணித்தியாலத்தில் பெட்டி அணைந்தது.

ஹயாத்துவின் கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிவது யன்னலும் புகைபோக்கியும் அந்தத் திரையும்தான். அவர் சொன்னார்:

"நானா, ஆள் இரிந்தா முழிச்சிக்கிட்டிரிக்கு. ஆள் போனா தூங்குது."

நான் சிரித்தேன். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வந்து சோதித்தோம். பம்ப் மட்டும்: இரண்டு மணித்தியாலத்தில் தூக்கம். பம்போடு ஒரு போன்: தூக்கமில்லை. அவர் சொன்னது சரி. யாரும் பாவிக்காமல் மறந்துபோய்த் திறந்து வைத்திருந்தால் சார்ஜ் வீணாகக்கூடாது என்று அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். எட்டு வோட்ஸ் அதற்கு ஆளில்லாத வீட்டின் கணக்கு. விசிறியும் போன்களும் ஓடியவரைக்கும் அது தூங்கவில்லை. அவற்றை நிறுத்திய அன்றுதான் தூங்கியது.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை, வழி சுலபம் என்று நான் ரம்ஸியாவிடம் சொன்னேன். பம்போடு ஒரு பல்பையும் எரியவிட்டால் போதும், போன்கள் தேவையில்லை.

"பட்டப்பகல்ல சும்மா லைட் எரியவிடுறதா? இஸ்ராஃப் நானா" என்றாள். வீண்விரயம் மார்க்கத்துக்கு ஆகாது என்று சின்ன வயதிலிருந்தே எங்கள் வீடுகளில் சொல்லும் சொல் அது. குழாயைத் திறந்துவிட்டாலும் இஸ்ராஃப், சோற்றைக் கொட்டினாலும் இஸ்ராஃப். "அதோட, லைட் எரிஞ்சா லைட்தான் எரியும். பம்ப் வேற எதாலயும் நிண்டா அது வந்து எனக்குச் செல்லுமா? மக்டலின் எண்டா செல்லுவா."

வாய் திறந்து சொல்ல ஆள் வேண்டும் என்பது அவள் கணக்கு.

அன்று பின்னேரம் அவள் மறுபடி ஒழுங்கையில் இறங்கினாள். முதல் தடவையைவிட இது கடினமான நடை. வராதே என்று சொன்ன வாயால் வா என்று சொல்ல வேண்டும். மக்டலின் சும்மா விடவில்லை.

"நேத்து முந்தநாள் வராத, இண்டைக்கு வா. மீன் விலகூட இப்பிடி மாறாது புள்ள."

"பெட்டி தூங்குது மக்டலின் அக்கா. நீங்க வந்தாத்தான் முழிச்சிக்கிட்டிரிக்கும்."

"என்ர மனுசனும் அப்பிடித்தான். நான் வாயத் திறக்காட்டித் தூங்கிருவான்."

ரம்ஸியா ஒரு முறை போட்டாள். ஒரே நேரத்தில் இரண்டு போன். போடுகிறவர் போன் ஏறும்வரை இருக்க வேண்டும். அவர் எழும்ப முன்பு அடுத்தவர் வந்திருக்க வேண்டும். பம்ப் சத்தம் நின்றால் கூப்பிட வேண்டும். நீண்ட வெட்டென்றால் விசிறி இல்லை, ஓலை விசிறிதான். இந்தக் கணக்கில் பெட்டி ஒரு நாள் முழுவதும் தாங்கியது. பன்னிரண்டு குடும்பம் ஒரு பிளக்கைப் பங்கிட்ட வரிசையில் வளர்ந்தவளுக்கு முறை போடுவதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 'அகதிப் புத்தி' என்று சொன்ன குரல்காரியும் மூன்றாம் நாள் வந்தாள். ரம்ஸியா அவளுக்கு யன்னலோரக் கதிரையைக் கொடுத்தாள்.

ஏப்ரல் 3இல் நோன்பு தொடங்கியது. பள்ளிவாசல் கஞ்சி அந்த மண்டபத்துக்கு வாளியோடு வந்தது. நோன்பு திறக்கும் நேரம் வெட்டு வந்தால் முறை மக்டலினுக்கு. "நீங்க திண்டு முடிங்க, நான் பெட்டியப் பாத்துக்கிறன்" என்பாள். அவளுக்கென்று ஒரு கோப்பை கஞ்சி மூடி வைக்கப்பட்டிருக்கும்.

சேதம் சேதம்தான். அந்தப் புதன்கிழமையால் புண் மூன்று சென்ரிமீற்றருக்குப் போனது, ஓரம் கறுத்தது. றிஷ்னா நேர்ஸ் கறுத்ததை வெட்டி எடுத்தார். கொழும்புக்கான துண்டு எழுதப்பட்டது. ஆறு கிழமை பார்ப்போம், குறையாவிட்டால் அனுப்புவோம் என்று தவணை கொடுத்தார்கள். ஆறு கிழமையில் இரண்டரை. துண்டு கிளினிக்கின் காகிதக் கோவைக்குள் போனது. ஜூலையில் ஒன்றரை. அந்த மாதங்களில் பம்ப் ஒருமுறை குழாய் கழன்று காற்று விட்டது. முறைக்கு இருந்த பெண் சீறும் சத்தம் கேட்டு, குசினியிலிருந்த ரம்ஸியாவைக் கூப்பிட்டாள். கரண்ட் இருந்தது, பெட்டியும் முழித்திருந்தது. பல்ப் கூப்பிட்டிருக்காது.

ஒக்டோபர் 17ஆம் திகதி றிஷ்னா நேர்ஸ் அளவுகோலை வைத்தார், எடுத்தார், எழுதினார்: மூடிவிட்டது. கொழும்புத் துண்டைக் கோவையிலிருந்து எடுத்துக் கிழித்தார்.

இதற்கிடையில் நான் கொழும்பிலுள்ள இறக்குமதிக் கொம்பனிக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பெட்டி தூங்குவதை நிறுத்த வழி உண்டா என்று ஒரே கேள்வி. முதல் கடிதத்துக்குப் பற்றுச்சீட்டின் பிரதி கேட்டுப் பதில் வந்தது. பிரதியோடு எழுதிய இரண்டாவதற்கு, பொறுப்பானவர் வெளிநாடு போயிருக்கிறார் என்று பதில் வந்தது. மூன்றாவதை நவம்பரில் அனுப்பினேன். அதற்குள் வெட்டு இரண்டு மணித்தியாலச் சொச்சத்துக்குக் குறைந்திருந்தது. ஆனாலும் முறை நடந்தது. சனம் இப்போது போன் நிறைந்திருந்தாலும் வந்தது.

கடைசிக் கடிதம் வந்தபோது ரம்ஸியா குசினியில் மா வறுத்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் ஹயாத்துவும் முறைக்கு வந்த மக்டலினும் ஏதோ வாக்குவாதத்தில் இருந்தார்கள். நான் குசினி வாசலில் நின்று மெதுவாக வாசித்துச் சொன்னேன். இரண்டாவது பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் பச்சை விளக்கு மூன்றுதரம் மின்னும். அதன்பிறகு பெட்டி தூங்காது. ஆளும் தேவையில்லை, பல்பும் தேவையில்லை.

ரம்ஸியா அகப்பையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். மண்டபத்துக்குப் போய், தூசி தட்டுகிறவள்போலப் பெட்டிக்குமேல் குனிந்து, பொத்தானை அழுத்திப் பிடித்தாள். பச்சை மூன்றுதரம் மின்னியது. ஹயாத்து அதைக் கண்டார்.

"என்னவாம் புள்ள, கொழும்புக் கடதாசி?" என்றாள் மக்டலின்.

"ஒண்டுமில்ல அக்கா" என்றாள் ரம்ஸியா. "பெட்டிக்குப் பக்கத்தில கட்டாயம் ஆள் இரிக்கணுமாம்."

"அதத்தானே நானும் செல்றன்" என்றார் ஹயாத்து.

நான் கடிதத்தை மடித்து, அதன் மேல்மூலையில் வந்த திகதியை எழுதினேன்: 2023 ஜனவரி 12, வியாழக்கிழமை.